நாவலை 280 எழுத்துக்குள் சொன்ன இரவு

"ஆங்கிலத்தில் முதல் நாவலை எழுதி முடித்துவிட்டேன். இணையத்தில் நடக்கும், நாவலைச் சில வரியில் சொல்லும் பிட்ச் போட்டிகளில் கலந்துகொள்வதால் பலன் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் நான் எதிர்பார்த்துப் போன பலன் வேறு, கிடைத்த பலன் வேறு.

நான் கலந்துகொண்டது 2020 செப்டம்பரில் ட்விட்டரில் நடந்த பிட்மேட். பிரெண்டா டிரேக் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2012இல் தொடங்கியது. தமிழில் எழுதுகிறவர்கள் நேராகப் பதிப்பகத்திடமே பேசிவிடுகிறோம். அமெரிக்காவில் பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும், எழுத்தாளருக்காகப் பதிப்பகத்திடம் பேசும் ஏஜென்ட் மூலமாக வருவதைத்தான் படிக்கும். அந்த ஏஜென்ட்டின் கண்ணில் படுவதற்குத்தான் இந்தப் போட்டி. முழுதாக எழுதி முடித்த, இன்னும் வெளிவராத நாவலை ஒரே ட்வீட்டில் சொல்ல வேண்டும். ஹேஷ்டேக்கும் சேர்த்து 280 எழுத்து. ஒரு நாவலுக்கு அன்று மூன்று ட்வீட் போடலாம். ஏஜென்ட்டோ பதிப்பாசிரியரோ லைக் போட்டால், 'எனக்கு அனுப்புங்கள்' என்று அர்த்தம். அதனால் நண்பர்கள் லைக் போடக் கூடாது, ரீட்வீட் மட்டும் செய்யலாம். அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரப்படி காலை 8 முதல் இரவு 8 வரை. நமக்கு மாலை 5:30க்குத் தொடங்கி மறுநாள் விடியற்காலை 5:30 வரை.

என் நாவல் திண்டுக்கல்லில் பூட்டு செய்யும் ஒரு குடும்பத்தைப் பற்றியது. அம்மாவின் ஊர் அது. மாங்காய்ப் பூட்டுக்கு அரம் போடும் சத்தம் கேட்டு வளர்ந்தவர் அவர். ஏழு வருடம் எழுதினேன், 1,30,000 சொற்கள் வந்தன. முதல் பிட்ச்சுக்கு மட்டும் ஒரு வாரம் உட்கார்ந்தேன். 'தென்னிந்தியாவில் பூட்டுக்குப் பேர்போன ஒரு சிறுநகரம். மூன்று தலைமுறையாகப் பூட்டு செய்யும் ஒரு குடும்பம் மாறிவரும் காலத்தோடு போராடுகிறது.' ஆங்கிலத்தில் இன்னும் அழகாகவே இருந்தது. மாலை 5:45க்குப் போட்டேன். நண்பர்கள் ரீட்வீட் செய்தார்கள். லைக் ஒன்றும் வரவில்லை. கண் மூடித் திறப்பதற்குள் புதிய ட்வீட்டுகள் வந்து என்னுடையதைக் கீழே தள்ளிக்கொண்டே போயின. எட்டு மணிக்கு இரண்டாவதைப் போட்டேன். அதுவும் ஊரைப் பற்றியதுதான். அதற்கும் ஒன்றுமில்லை.

சாப்பிட்டு முடித்த நேரத்தில் பெரியம்மா மகள் போன் செய்தாள். அக்கா ஆங்கில நாவல் படிப்பவள் இல்லை. என் குரலைக் கேட்டதும் "என்னடி ஆச்சு?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். "சரி, கதைய எனக்குச் சொல்லு" என்றாள். ஊரையும் பட்டறையையும் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "பூட்டு, ஊரு எல்லாம் சரிடி. அந்தப் பொண்ணுக்கு என்ன ஆகுது?"

"அவ அப்பா செத்துப்போயிடுறாருக்கா. அவர் கடைசியா செஞ்ச பூட்டு வீட்டுப் பெட்டியில தொங்குது. சாவி இல்ல. வீட்டுப் பத்திரம் அதுக்குள்ள இருக்கு. அதத் திறக்கணும்னா அவளே தொழிலக் கத்துக்கணும். ஆனா சித்தப்பா அவளப் பட்டறைக்குள்ளயே விடமாட்டேங்குறாரு."

"அப்ப இதத்தானடி எழுதணும்?"

இரவு 10:30க்கு அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டேன். ஊர் பெயர் இல்லை, தென்னிந்தியா இல்லை, தலைமுறைகள் இல்லை. பதினோரு மணிக்கு மேல் நியூயார்க்கில் இருக்கும் ஒரு ஏஜென்ட்டிடமிருந்து லைக் வந்தது. விடிவதற்குள் ஒரு சிறு பதிப்பகத்திடமிருந்து இன்னொன்று.

சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. நாவலை எடுத்துப் புரட்டினேன். அப்பா சாவது 140ஆம் பக்கத்தில். பெண் பட்டறைக்குள் கால் வைப்பது 200ஐத் தாண்டி. அதற்கு முன்னால் இருந்தது முழுக்க ஊர், தெரு, தாத்தா, தாத்தாவின் அப்பா. பிட்ச் வராமல் ஒரு வாரம் திணறினேனே, கோளாறு பிட்ச்சில் இல்லை, நாவலில்தான் இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

புரிந்தும் அவசரப்பட்டுவிட்டேன். ஏஜென்ட் கேட்ட அறிமுகக் கடிதம், கதைச்சுருக்கம், முதல் 50 பக்கம் மூன்றையும் அந்த வாரமே அனுப்பினேன். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. எழுத்து பிடித்திருக்கிறது, ஆனால் ட்வீட்டில் படித்த கதை இந்தப் பக்கங்களில் இல்லை என்று எழுதியிருந்தார். அவர் சொன்னது சரி. லைக் வந்த மறுநாளே அனுப்பியாக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. திருத்திவிட்டு அனுப்பியிருக்கலாம். அது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

அந்தச் சிறு பதிப்பகம் எடிட்டிங் செலவு என்று பணம் கேட்டது. அத்தோடு விட்டுவிட்டேன். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒழுங்கான ஏஜென்ட் படித்துப் பார்ப்பதற்குப் பணம் வாங்க மாட்டார். உங்கள் புத்தகம் விற்றால், வரும் தொகையில் வழக்கமாக 15 சதவீதம் எடுத்துக்கொள்வார். லைக் போட்டது யார், இதுவரை எந்தப் புத்தகங்களை விற்றிருக்கிறார் என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

அப்புறம் ஒன்றரை வருடம் திருத்தினேன். அப்பாவின் சாவு முதல் அத்தியாயத்துக்கு வந்தது. தாத்தாவின் அப்பா முழுசாகப் போனார், அதுதான் ரொம்ப வலித்தது. இப்போது 94,000 சொற்கள். முதல் நாவல் என்றால் 80,000 முதல் 1,00,000 வரை இருப்பதைத்தான் அங்கே பெரும்பாலும் விரும்புகிறார்கள்.

நான் திருத்தி முடிப்பதற்குள், 2022 பிப்ரவரியில் பிட்மேட்டை நிறுத்திவிட்டார்கள். விளிம்புநிலைக் குரல்களுக்காக பெத் ஃபெலன் 2016இல் தொடங்கிய டிவிபிட் போல வேறு போட்டிகளும் இருந்தன. ட்விட்டரும் பழைய ட்விட்டராக இல்லை. அதனால் போட்டிக்காகக் காத்திருக்க வேண்டாம். ஏஜென்ட்டின் இணையதளத்தில் எப்படி அனுப்ப வேண்டும் என்று போட்டிருப்பார், அதன்படி நேராக அனுப்பலாம். போட்டியில் லைக் கிடைத்தாலும் அதே கடிதத்தைத்தான் அனுப்ப வேண்டும்.

அனுப்புவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். உங்கள் நாவலைப் படிக்காத ஒருவரிடம், அக்காவோ பக்கத்து வீட்டுக்காரரோ, கதையை வாயால் சொல்லுங்கள். அவர் "அப்புறம்?" என்று கேட்கும் இடம் எது என்று கவனித்து, நாவலில் அது எத்தனையாவது பக்கத்தில் வருகிறது என்று எடுத்துப் பாருங்கள். 50ஆம் பக்கத்தைத் தாண்டியிருந்தால் இப்போதைக்கு அனுப்பாதீர்கள்.