பழைய பாப்-டாப் கேம்பர் வேன்: மழை நாளில் போய்ப் பாருங்கள்

திருச்சூர் பக்கம் ஒரு பழைய பாப்-டாப் கேம்பர் வேன் (கூரையைத் தூக்கி மேலேயும் படுக்கிற வண்டி) விலைக்கு வருகிறது, இரண்டு பிள்ளைகளோடு ஊர் சுற்ற வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம். வெயில் நாளில் பார்த்துவிட்டு மட்டும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன்.

எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம்தான், வீட்டுப் பேச்சு தமிழ். மூன்று வருடம் முன்பு ஒரு டிராவலர் வேனை வாங்கினேன். பழைய சொந்தக்காரர் கூரையை வெட்டி ஃபைபர் மூடி போட்டு, அதைத் தூக்கினால் சுற்றிலும் கேன்வாஸ் விரிகிற மாதிரி செய்திருந்தார். மேலே பலகைப் படுக்கையில் பிள்ளைகள் இருவர். கீழே சீட்டை மடித்தால் எனக்கும் மனைவிக்கும் இடம், பக்கவாட்டு சீட் அம்மாவுக்கு. பார்க்கப் போனது மாசி வெயிலில். "ஒரு துள்ளி வெள்ளம் கேறில்ல" (ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறாது) என்று விற்ற சேட்டன் கூரையைத் தட்டிக் காட்டினார். நான் இன்ஜின் சத்தம் கேட்டேன், டயரைப் பார்த்தேன், கிளட்சை மிதித்துப் பார்த்தேன். கூரையை ஒருதரம் தூக்கி இறக்கியதோடு சரி.

ஆனி மாதம் நெல்லியாம்பதி போனோம். ஒரு எஸ்டேட் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு அவர் வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தோம். ராத்திரி இரண்டு மணி இருக்கும், மேலிருந்து சின்னவள், "அப்பா, என் தலகாணி குளிக்குது" என்றாள். டார்ச் அடித்துப் பார்த்தால் கேன்வாஸ் உள்பக்கம் காய்ந்துதான் இருக்கிறது. தண்ணீர் கூரை வெட்டிய விளிம்போடு ஓடிவந்து முன் மூலையில் சொட்டுகிறது. காலையில் அந்த விளிம்பை அடைக்கிற ரப்பர் பீடிங்கைத் தொட்டேன், அப்பளம் மாதிரி நொறுங்கியது. அடியில் சிலிக்கான் பூசி ஒப்பேற்றியிருந்தார்கள். அதை உரித்தால் வெட்டிய தகர விளிம்பில் விரல் நீளத்துக்குத் துரு.

இன்ஜின் பழுதானால் பொள்ளாச்சியிலோ பாலக்காட்டிலோ டிராவலர் மெக்கானிக் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார். கூரைக்கு ஆள் கிடையாது. டிங்கரிங்காரர் அது தையல்காரர் வேலை என்பார், தையல்காரர் டிங்கரிங் வேலை என்பார். அதனால் முதலில் கூரை. மழை இல்லாவிட்டால் ஒரு ஹோஸ் பைப் கேளுங்கள். மூடியை இறக்கியபடி கால் மணி நேரம், ஏற்றியபடி கால் மணி நேரம் தண்ணீர் விட்டு, நாலு மூலையிலும் உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் வந்துவிடுங்கள். புதுசாகப் பூசின சிலிக்கான் எங்கே தெரிந்தாலும் அந்த இடத்தில் ஒழுகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கேன்வாஸை முகர்ந்து பாருங்கள். ஈரத்தோடு மடித்து இரண்டு நாள் விட்டாலே கரும்புள்ளி விழும், அந்தப் பூசண வாடை எத்தனை துவைத்தாலும் போகாது. தூக்கிப் பிடிக்கிற கேஸ் ராடு இரண்டும் மூடியைத் தாங்கி நிற்கிறதா, மெல்ல இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் ஜோடியாக மாற்ற வேண்டும். தூக்கும் விசை எத்தனை நியூட்டன் என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும், அதே அளவு வாங்கினால் போதும்.

இணையத்தில் பார்த்து நாம் ஆசைப்படுவதெல்லாம் ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் வேனுக்குப் போட்ட கூரைகளின் படங்கள். அந்த ஊர் வெயில் காலத்துக்கு அது சரி. இங்கே இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) பிடித்தால் விடாது. காற்று வேறு. பாலக்காட்டுக் கணவாய் முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலமான வாசல், ஆடியில் மேற்கிலிருந்து அதில் நுழைகிற காற்றை நம்பித்தான் கஞ்சிக்கோட்டில் காற்றாலை வைத்திருக்கிறார்கள். மீனாட்சிபுரம் தாண்டி ஒரு தென்னந்தோப்போரம் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு, கேன்வாஸ் படபடத்த சத்தத்தில் யாரும் தூங்கவில்லை. என் கூரைக்குக் கீல் முன்பக்கம், தூக்கும்போது பின்பக்கம்தான் எழும்பும். இப்போதெல்லாம் மூக்கை மேற்கே பார்த்து நிறுத்துகிறேன், காற்று சரிவில் வழுக்கிப் போய்விடுகிறது.

அடுத்தது ஆர்சி, அதாவது வண்டியின் பதிவுச் சான்று. கூரையை வெட்டுவது வண்டியின் உடம்பையே மாற்றுவது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில்தான், தயாரிப்பாளர் குறித்த அம்சங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்துத் தீர்ப்புச் சொன்னது. ஆர்சியில் வாகன வகை 'கேம்பர் வேன்' என்று இருக்கிறதா பாருங்கள். சாதாரண வேன் என்றே இருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். வழியில் பிடித்தால் தலைவலி, விபத்தென்றால் இன்ஷூரன்ஸும் கைவிரிக்கலாம். நீங்கள் தமிழ்நாட்டுக்காரர் என்றால் என்ஓசி (ஆட்சேபணை இல்லாச் சான்று) வாங்கிக்கொள்ளுங்கள். 12 மாதத்துக்கு மேல் அங்கே வைத்திருந்தால் மறுபதிவு, வரி எல்லாம் உண்டு.

சமையலுக்கு ஐந்து கிலோ சிலிண்டர் வைத்திருப்பார்கள். கூரைதான் திறந்திருக்கிறதே என்று நினைக்காதீர்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும். சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே போகிற ஓட்டை இருந்தே ஆக வேண்டும். என் வண்டியில் இல்லை, நான்தான் போடச் சொன்னேன்.

காட்டுப் பாதையில் கேன்வாஸ் கூரையைத் தூக்கிப் படுக்கிற ஆசை வேண்டவே வேண்டாம். பந்திப்பூர் வழி வயநாட்டு ரோட்டை ராத்திரி 9 முதல் காலை 6 வரை மூடிவிடுவார்கள், வால்பாறை, மளக்கப்பாறை பக்கம் யானை ரோட்டிலேயே நிற்கும். அம்மா ஒருதரம் பலாப்பழம் வாங்கி வண்டியில் ஏற்றிவிட்டார், வாசனைக்கு யானை வரும் என்று எஸ்டேட் வாட்ச்மேன் இறக்கி வைக்கச் சொல்லிக் கெஞ்சினார். 2021இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கென்றே கொள்கை கொண்டுவந்தது, மறுவருடம் வாகமணில் இப்படி வண்டிகளை நிறுத்தித் தங்கும் கேரவன் பார்க் திறக்கப்பட்டது. அப்படி இடம் கிடைக்காத ஊரில் யாராவது வீட்டு வாசலைக் கேட்டு நிறுத்துவதே நல்லது. கேட்டால் பெரும்பாலும் தருகிறார்கள், கட்டஞ்சாயாவும் (பால் இல்லாத டீ) வரும்.

துருவைச் சுரண்டி, பீடிங் மாற்றி, முன் மூலையைத் திரும்பத் தைத்து எனக்கு 42,000 ஆனது. சேட்டனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஞான் விக்கும்போ மழ இல்லாயிருந்நல்லோ" என்றார். நான் விற்கும்போது மழை இல்லையே என்று.