கூலியை ஏற்றினால் வேலைக்கு ஆள் கூடுமா, குறையுமா?

இந்தக் கூலிக்கு இத்தனை நாள் வேலைக்கு வரத் தயார் என்று ஒருவர் நினைக்கும் அளவுதான் உழைப்பு அளிப்பு. கூலி ஏறினால் மனசை இரண்டு பக்கம் இழுக்கும். வீட்டில் இருந்தால் இழப்பது கூடிவிட்டதே, போவோம் என்பது ஒன்று. முன்பு ஆறு நாளில் கிடைத்த காசு ஐந்தே நாளில் கிடைக்கிறதே, ஒரு நாள் இடுப்பைச் சாய்ப்போம் என்பது இன்னொன்று.

மன்னார்குடிப் பக்கம் சம்பா நடவைப் பாருங்கள். கணுக்கால் சேற்றில் நின்று, முதுகை வளைத்தபடியே நாற்று முடியைப் பிரித்துப் பிரித்து நடும் ஒரு அக்காவுக்குக் கடனும் பிள்ளையின் ஃபீஸும் நிற்கும்வரை, கூலி ஏறினால் இன்னும் இரண்டு நாள் கூடுதலாகவே வருவார், ஏனென்றால் அந்தக் காசு அவ்வளவு தேவை. கடன் தீர்ந்த பிறகு அதே ஏற்றம் ஓய்வாக மாறலாம். காய்ந்த வயலுக்கு மடையை முழுக்கத் திறப்போம், நிரம்பியதும் அடைப்போம் இல்லையா, அப்படித்தான்.

சரி, டெல்டாவில் அடிக்கடி கேட்கும் பேச்சு: “கூலியை ஏற்றினால் சோம்பேறி ஆகிவிடுவார்கள்.” அது தவறு, ஒருவர் ஒரு நாளைக் குறைத்தாலும், திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போன இன்னொருவர் அதே கூலிக்காக ஊர் திரும்பலாம்.