கிராமத்தில் தொண்டர் தீயணைப்புக் குழு தொடங்கிய அனுபவம் யாருக்காவது உண்டா? வண்டி இல்லாமல் தொடங்கலாமா?

தொடங்கலாம். நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம்.

எங்கள் ஊர் இலங்கையில், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையிலிருந்து இன்னும் உள்ளே. வாவியைக் கடக்கும் மண்முனைப் பாலம் 2014இல்தான் திறந்தது. அதற்கு முந்திய வருடம், மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலத்தில் ஒரு இரவு, குப்பிலாம்பு சரிந்து ஓலை வீடொன்று பற்றிக்கொண்டது. மட்டக்களப்பு நகரத்துக்கும் எங்களுக்கும் நடுவில் வாவி. அப்போது அதைக் கடந்த மிதவையை நாங்கள் 'பாதை' என்போம்; இரவில் அது ஓடவில்லை. எந்த வண்டி வருவதானாலும் வலையிறவுப் பாலத்தால் சுற்றித்தான் வரவேண்டியிருந்தது.

ஊரே ஓடிவந்தது. ஆனால் வாளியோடு வந்தவர்கள் சிலர்தான். அந்தச் சிலரும் எரிகிற வீட்டுக்கே தண்ணீரை ஊற்றிக்கொண்டு நின்றோம். பொறி காற்றோடு கிழக்கே பறந்து இன்னும் இரண்டு கூரைகளை எடுத்தது. உயிர்ச்சேதம் இல்லை. மூன்று வீட்டு விதைநெல்லும் கருகியது.

அந்த வாரம் மரண உதவிச் சங்கக் கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: "செத்த வீட்டுக்குச் சொல்லாமலே கூடுற நாம, நெருப்புக்கு ஏன் கூடேலாது?" குழு பிறந்தது அந்தக் கேள்வியில்தான்.

கூட்டத்தில் இருந்த ஆசிரியர் ஒருவர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரக் கதையைச் சொன்னார். 1736 டிசம்பரில் பெஞ்சமின் பிராங்ளின் அங்கே யூனியன் ஃபயர் கம்பனியைத் தொடங்கியபோது முதலில் செய்தது ஓர் உடன்படிக்கை எழுதியது. ஒவ்வொருவரும் தோல் வாளிகளும், சாமான்களை அள்ளிப்போட பைகளும் எந்நேரமும் தயாராக வைத்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறை கூட வேண்டும். வராதவருக்கு அபராதம்; ஏணி, கொக்கி போன்றவை வாங்கியது அந்தக் காசில்தான். முப்பது பேரோடு நிறுத்திக்கொண்டு, மேலும் கேட்டவர்களைத் தனிக் குழு அமைக்கச் சொன்னார்கள். எங்களுக்கு இது நன்றாகப் பிடித்தது. வீட்டுக்கு இரண்டு வாளி, ஒரு சாக்கு, பத்து வீட்டுக்கு ஒரு கொக்கத்தடி (நுனியில் கொக்கி உள்ள நீளத் தடி) என்று கொப்பியில் எழுதினோம். சந்தாவை மரணச் சங்கச் சந்தாவோடே எடுத்தோம்.

பெரிய வாக்குவாதம் கோயில் மணியில் வந்தது. பூசை இல்லாத நேரத்தில் மணி அடிப்பது குற்றம் என்றார்கள் சிலர். கோயில் நிர்வாகத் தலைவரான வண்ணக்கர்தான் முடித்துவைத்தார்: "ஊர் எரியக்குள்ள அம்மாள் நித்திரை கொள்ளுவாவா? அடிங்க." விடாமல் அடித்தால் நெருப்பு என்று அன்றிலிருந்து எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் பெயர்ப் பட்டியலில் பிழை விட்டோம். இருபத்திநான்கு பெயரும் ஆண்கள். அடுத்த சிறுபோக அறுவடையில், காலை பத்து மணிபோல ஒரு வைக்கோல் போர் பற்றியது. பட்டியலில் இருந்தவர்கள் எல்லோரும் வட்டையில், அதாவது வயல்வெளியில். மணியை அடித்தது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, அணைத்தது பெண்கள். அவர்கள் போரில் கைவைக்க முதல், காற்று போகும் பக்கம் இருந்த கூரைகளுக்கு ஈரச்சாக்குப் போட்டார்கள். பிறகு கொக்கத்தடியால் போரைப் பிரித்துப் பிரித்து நனைத்தார்கள். வைக்கோல் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். மேலே ஊற்றும் தண்ணீர் அங்கே போகாது. எங்கள் கூட்டங்களில் பேசிய எதையும் விட இது எனக்குப் பெரிய பாடம். நீங்கள் தொடங்கும்போது, பகலில் ஊரில் இருப்பவர் யார் என்று முதலில் எண்ணுங்கள். நாங்கள் கொப்பியைக் கிழித்துப் புதிதாக எழுதினோம், பகல் அணி, இரவு அணி என்று.

இப்போது லேண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) பெட்டியில் 1000 லீற்றர் டாங்கி ஒன்றும், வயலுக்கு இறைக்கிற பம்பும் இருக்கின்றன. தீயணைப்புப் பிரிவின் 110ஐ அழைப்பது ஒருவரின் வேலை, மெயின் சுவிட்சை நிறுத்துவது இன்னொருவரின் வேலை. மின்சாரத்தை நிறுத்தாமல் தண்ணீர் அடிக்கக் கூடாது. எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீரே கூடாது, மூடிதான். 2021 கடைசியில் நாடெங்கும் காஸ் அடுப்புகள் வெடித்தபோது பகல் அணியினர் வீடுவீடாகப் போய் ரெகுலேட்டரையும் குழாயையும் பார்த்தார்கள்.

பம்பின் திறப்பு (சாவி) பகல் அணித் தலைவி வீட்டில், வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. ஊரில் யார் வேண்டுமானாலும் கேட்காமல் எடுக்கலாம்.