ஆலைத் தொழிலாளர்களின் தீத்தடுப்புச் சீருடை எப்படித் தயாராகிறது? அதை வீட்டில் வழக்கம்போலத் துவைக்கலாமா?

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் இரசாயன ஆலை ஒன்றில் சேர்ந்திருக்கும் தம்பிக்குக் கொடுத்த தீத்தடுப்புச் சீருடை தொட்டால் சாதாரணப் பருத்தித் துணி போலவே இருக்கிறது என்றும், அதில் அப்படி என்னதான் செய்திருக்கிறார்கள் என்றும், வீட்டில் துவைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். புதுச்சேரியில் துணி பதனிடும் ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். இப்போது கடலூரில் சீருடை தைக்கும் கூடம் ஒன்றுக்குத் துணிகளைச் சோதித்துத் தருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

பருத்தி எரியும்போது உண்மையில் எரிவது நூல் அல்ல. சூடேறிய நூல் சிதைந்து வெளிவிடும் ஆவிதான் காற்றோடு கலந்து தீப்பற்றுகிறது, அந்தச் சூட்டில் பக்கத்து நூல் சிதைகிறது, இப்படியே தீ மேலே ஏறுகிறது. பருத்தி தொடர்ந்து எரிய, சுற்றியுள்ள காற்றில் ஏறத்தாழ 18 விழுக்காடு ஆக்சிஜன் இருந்தால் போதும். நாம் சுவாசிக்கும் காற்றிலோ 21 விழுக்காடு இருக்கிறது. தீத்தடுப்பு மருந்து ஏற்றிப் பதப்படுத்திய பருத்திக்கு அந்த அளவு 28 விழுக்காடு வரை உயர்ந்துவிடுவதால், நெருப்பை விலக்கியதும் துணி தானே அணைந்துவிடுகிறது. நெருப்பில் இருக்கும் வரை அது கருகத்தான் செய்யும். எனவே இந்த உடை திடீரென்று தீ பாய்ந்தால் விலகி ஓடுவதற்கான சில நொடிகளைத் தருமே தவிர, எரியும் இடத்துக்குள் நுழைவதற்கானது அன்று.

உங்கள் தம்பியின் சட்டை பருத்தி போல இருக்கிறது என்றால், அது பெரும்பாலும் பதப்படுத்திய பருத்தியாகவே இருக்கும். புதுச்சேரி கடலூர் சாலையில் இருந்த ஏஎஃப்டி துணி ஆலையில் வேலை பார்த்த யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால், பேடிங் (துணியைக் கரைசலில் முக்கிப் பிழிவது), ஸ்டென்டர் (துணியை விரித்துப் பிடித்து உலர்த்தும் இயந்திரம்) என்ற சொற்கள் காதில் விழுந்திருக்கும். இதிலும் அதே வகை இயந்திரங்கள்தான். முதலில் தறியிலிருந்து வந்த துணியின் கஞ்சியை முழுவதும் நீக்கி, வெளுத்து, சாயமேற்றுகிறார்கள். இந்த நிலையில் துணி எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தண்ணீரை உறிஞ்ச வேண்டும். ஓரிடத்தில் கஞ்சியோ மெழுகோ மிச்சமிருந்தால் அந்த இடத்தில் மருந்து ஏறாது, பிற்பாடு தீ அங்கேதான் பிடிக்கும். அடுத்து, பாஸ்பரஸ் உள்ள பாஸ்போனியம் உப்பையும் யூரியாவையும் சேர்த்துத் தயாரித்த கரைசலில் துணியை முக்கி, உருளைகளுக்கு இடையில் பிழிந்து, முற்றிலும் காய்ந்துவிடாமல் ஓரளவு ஈரம் நிற்கும்படி உலர்த்துகிறார்கள். அந்த ஈரப்பதத்தைச் சரியாகப் பிடிப்பதில்தான் இயக்குபவரின் கைத்திறன் இருக்கிறது. பின்னர் துணி அம்மோனியா வாயு நிரம்பிய அறைக்குள் ஓடுகிறது. நூலிழைக்குள் ஊறியிருந்த கரைசல் அங்கே வினைபுரிந்து, தண்ணீரில் கரையாத பாலிமராக இழையின் உள்ளேயே இறுகிவிடுகிறது. மேலே பூசிய பூச்சு என்றால் நாலு துவைப்பில் போய்விடும். இது இழைக்குள் சிக்கிக்கொண்டது என்பதால்தான் நிற்கிறது. கடைசியாக ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலில் ஓட்டி அந்தப் பாலிமரை நிலைப்படுத்தி, மிச்ச மருந்தும் வாடையும் போக நன்றாக அலசுகிறார்கள். இதில் சிக்கனம் பார்த்த துணியைப் பெட்டியைப் பிரித்ததுமே மூக்கு கண்டுபிடித்துவிடும்.

தீ படும்போது இந்தப் பாஸ்பரஸ் அமிலமாக மாறி, பருத்தியில் உள்ள நீரைப் பிரித்து வெளியேற்றுகிறது. ஆவியாகப் போயிருக்க வேண்டிய பொருள் கரியாகத் துணியிலேயே தங்கிவிடுவதால், எரிய ஆவி குறைந்து தீ பட்டினி கிடக்கிறது.

இன்னொரு வகை, தன் இயல்பிலேயே எரிய மறுக்கும் இழையால் நெய்தது. டூபாண்ட் நிறுவனம் 1960களில் சந்தைக்குக் கொண்டுவந்த நோமெக்ஸ் இதில் பெயர் பெற்றது. அதன் பரவலான கலவையில் 93 விழுக்காடு மெட்டா அராமிட் (சூட்டைத் தாங்கும் செயற்கை இழை), தீயில் துணி வெடித்துத் திறந்துவிடாமல் பிடித்துக்கொள்ள 5 விழுக்காடு பாரா அராமிட் (அதே குடும்பத்தின் வலுவான இழை), நிலைமின்சாரத்தைக் கடத்த 2 விழுக்காடு கரி உள்ளீடு கொண்ட இழை. எளிதில் தீப்பற்றும் கரைப்பான்கள் புழங்கும் ஆலையில் நிலைமின்சாரப் பொறியே தீயைக் கிளப்பிவிடும் என்பதால், அந்த 2 விழுக்காட்டின் மதிப்பு பெரிது. எடையும் குறைவு: அராமிட் துணி சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம் வரை இருந்தாலே போதும், பதப்படுத்திய பருத்தி 300 கிராமை ஒட்டி வரும். விலை மட்டும் பல மடங்கு. ஆனால் சித்திரை வெயிலில், கடற்கரை ஈரக் காற்றில், கனத்த சட்டையைக் கொடுத்தால் ஆட்கள் கழுத்துப் பொத்தானைத் திறந்து கையை மடித்துவிடுகிறார்கள், பிறகு அந்தத் துணி எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. ஆகவே நம் ஊருக்கு, பணம் இருக்கும் நிறுவனம் எடை குறைந்த துணியையே வாங்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

துணி நல்லதாக இருந்தும் உடை தோற்பது தையலில். எங்கள் கூடத்துக்கு வெளியிலிருந்து வந்த ஒரு மாதிரிச் சட்டையின் தோள் தையலை வெட்டிச் சோதனைப் பெட்டிக்குள் செங்குத்தாகத் தொங்கவிட்டு, கீழ்விளிம்பில் சுடரைக் காட்டினோம். சுடரை விலக்கியதும் துணியில் இருந்த தீ உடனே அணைந்தது. கரி மொறுமொறுவென்று, ஓட்டை விழாமல் நின்றது. ஆனால் தையல் கோடு நெடுகக் கடுகு கடுகாகப் பளபளக்கும் மணிகள் திரண்டிருந்தன. இடுக்கியால் மெல்ல இழுத்ததும் இரண்டு துண்டுகளும் தனித்தனியாகக் கையில் வந்துவிட்டன. தைத்தது பாலியஸ்டர் நூல். அது 260 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகிவிடும். அராமிட் நூல் உருகுவதே இல்லை. தைப்பில் உடை தோற்கக் கூடாது என்பதற்காகத்தான் உலோக ஜிப்புக்கு உள்ளும் புறமும் துணிப் பட்டை வைப்பதும், பைக்கு மூடி வைப்பதும், தீப்பொறி தங்கும் என்பதால் கால்சட்டையின் அடியை வெளிப்பக்கம் மடிக்காமல் விடுவதும். உள்ளே பருத்திப் பனியன் மட்டுமே அணிய வேண்டும். பாலியஸ்டர் பனியன் உள்ளேயே உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

சோதனையைப் பொறுத்தவரை, சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 11612-இன்படி 10 நொடி சுடர் காட்டி விலக்கிய பின் 2 நொடிக்கு மேல் எரியக்கூடாது, ஓட்டை விழக்கூடாது, உருகிச் சொட்டக்கூடாது. நம் நாட்டுத் தரம் ஐஎஸ் 15748. சட்டையின் உள் சீட்டில் இவற்றில் எது அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் ஆலையின் பாதுகாப்பு அதிகாரியிடம் சோதனை அறிக்கையைக் கேட்க உங்கள் தம்பிக்கு முழு உரிமை உண்டு. தீக்குச்சி கிழித்து வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

துவைப்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஆலையில் ஏற்றிய குணம் கெடுவது பெரும்பாலும் நம் வீட்டுக் கல்லில்தான். கடலூரிலும் புதுச்சேரியிலும் பல தெருக்களில் போர் தண்ணீர் கடினமானது. அதில் கட்டி சோப்புப் போட்டால், சோப்பின் கொழுப்பும் தண்ணீரின் கால்சியமும் சேர்ந்து கரையாத படிவாகத் துணியில் தங்கிவிடும், அந்தப் படிவு எரியும். எனவே கட்டி சோப்பு வேண்டாம். திரவ டிடர்ஜென்ட் போட்டு, முடிந்தால் குழாயில் வரும் நல்ல தண்ணீரில், நுரை முற்றிலும் போகும்வரை அலசுங்கள். பிளீச்சிங் பவுடரோ குளோரின் கலந்த வெளுப்பானோ இழைக்குள் உள்ள பாலிமரைச் சிதைத்துவிடும். மணத்துக்காகப் போடும் துணி மென்மையாக்கியும் எரியும் படலத்தையே விட்டுச் செல்லும். விறைப்பாக இருக்கட்டும் என்று கஞ்சி போடவே கூடாது, கஞ்சி தீக்கு நல்ல தீனி. எண்ணெய்க் கறை போகாத சட்டையை மீண்டும் அணியக் கூடாது. அராமிட் என்றால் நிழலில் உலர்த்துங்கள், வெயிலின் புற ஊதாக் கதிர் அந்த இழையை வலுவிழக்கச் செய்யும். கிழிசலைத் தெருமுனைத் தையல்காரரிடம் கொடுக்காமல், சீருடை வழங்கிய இடத்திலேயே அதே துணியாலும் அதே நூலாலும் ஒட்டுப் போடச் சொல்லுங்கள். அங்கே அது முடியாது என்றால் மாற்றுச் சட்டையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.