பசுந்தேயிலைக்கு நெல் போல ஆதரவு விலை ஏன் இல்லை?

நீலகிரி எம்.எல்.ஏ. ஒருவர் சென்னைக் கோட்டையில் எழுந்து பசுந்தேயிலைக்கு நியாயமான விலை கேட்கிறார் என்றால், பலருக்கு அது என்னவென்றே புரிவதில்லை. பசுந்தேயிலை என்பது செடியிலிருந்து கிள்ளிய கொழுந்து. நான்கு கிலோவுக்கு மேல் கொழுந்து இருந்தால்தான் ஒரு கிலோ டீத்தூள் கிடைக்கும்.

சிறு விவசாயியிடம் ஆலை கிடையாது. கிள்ளிய கொழுந்து சாக்குக்குள் சூடேறிச் சிவந்துவிடும், அன்றே கொடுத்தாக வேண்டும். கோயம்பேட்டில் சாயங்காலம் மல்லிப்பூக் கூடையோடு நிற்பவர் நிலைமைதான். விலை பிடிக்கவில்லை என்று வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. கொழுந்து விலையோ, ஆலைகள் விற்கும் தூள் ஏலத்தில் என்ன விலைக்குப் போனதோ அதை வைத்துத்தான். ஏலம் சரிந்தால், உரமும் கூலியும் ஏறியிருந்தாலும் அடி விவசாயிக்கே. உற்பத்திச் செலவை வைத்து விலை வேண்டும் என்பது முழுக்க நியாயமான கோரிக்கை.

சரி, நெல்லுக்கு ஆதரவு விலை உண்டே? நெல் மத்திய அரசின் ஆதரவு விலைப் பட்டியலில் இருக்கிறது. தேயிலை அதில் இல்லை. வர்த்தக அமைச்சகத்தின் கீழ் உள்ள தேயிலை வாரியம்தான் அதைப் பார்க்கிறது. மாநிலத்தின் கையில் இருப்பது இன்ட்கோசர்வ் என்ற இணையத்தின் கீழ் உள்ள கூட்டுறவுத் தேயிலை ஆலைகள், மானியம், ரேஷன் கடை டீத்தூள் போன்றவை.

அப்புறம், மயிலாப்பூர் கடையில் டீ விலை ஏறினால் விவசாயிக்கும் கூடும் என்று நினைக்க வேண்டாம். ஒரு கிளாஸில் சேர்வது சில கிராம் தூள்தான், மற்றதெல்லாம் பால், சர்க்கரை, கேஸ், வாடகை.