காரின் முன் பம்பரில் எல்.இ.டி. விளக்கு மாட்ட நினைக்கிறேன். ஒயரிங்கை நானே செய்யலாமா? ரிலே கட்டாயம் வேண்டுமா?

செய்யலாம். ரிலேயும் (ஸ்விட்சிலிருந்து வரும் சின்னக் கரண்டை வைத்து விளக்கின் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் பெட்டி) வேண்டும். முதல் தடவை இரண்டையும் கோட்டைவிட்டவன் நான், அதனால் அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என்னுடையது ஸ்விஃப்ட், விலை குறைந்த மாடல். ஃபாக் லேம்ப் (பனிமூட்டத்துக்கான விளக்கு) இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு பிளாஸ்டிக் மூடிதான் இருக்கும். சென்னை ஜி.பி. ரோட்டில் ஒன்று 20 வாட் வீதம் ஒரு ஜோடி வாங்கினேன். பக்கத்திலேயே ஒரு எலக்ட்ரீஷியன் அரைமணி நேரத்தில் மாட்டிக் கொடுத்தார். “ரிலே போடலையாண்ணே?” என்று கேட்டேன். “எல்.இ.டி.க்கு எதுக்கு சார் ரிலே, கரண்டே இழுக்காது” என்றார். இடது ஹெட்லைட்டுக்குப் போகும் ஒயரை பிளேடால் சீவி, விளக்கு ஒயரை அதில் முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றிவிட்டார்.

ஐந்து மாதம் ஜம்மென்று எரிந்தது. ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி, திண்டிவனம் தாண்டி வரும்போது பம்பர் விளக்கு இரண்டும் போயின, கூடவே இடது ஹெட்லைட்டும் போனது. வலது ஹெட்லைட்டுக்குத் தனி ஃபியூஸ் இருந்த புண்ணியத்தில் ஒற்றைக் கண்ணோடு வீடு வந்து சேர்ந்தேன். காலையில் பார்த்தால், இன்ஜின் சூட்டில் டேப்பின் பசை இளகி நழுவியிருந்தது. உள்ளே களிம்பேறிய செம்பு. அந்த வெற்றுக் கம்பி பாடி இரும்பில் உரசித்தான் ஃபியூஸ் போயிருக்கிறது.

அந்த அண்ணன் சொன்னது பாதி சரி. இரண்டு விளக்கும் சேர்ந்து 40 வாட். 12 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 3.3 ஆம்பியர். 55 வாட் ஹாலஜன் பல்பு ஒன்றே 4.6 ஆம்பியர் இழுக்கும். அதனால் சுமை பெரிதில்லை. ரிலே போடுவது வேறு காரணத்துக்காக: கம்பெனி ஒயரிங்கிலிருந்து நாம் மாட்டியது பிரிந்து நிற்க வேண்டும். நம் விளக்கு பழுதானால் அது மட்டும் அணையட்டும், ஹெட்லைட்டையும் இழுத்துக்கொண்டு போகக் கூடாது.

இரண்டாவது முறை நானே செய்தேன். ரிலே, ஃபியூஸ், ஸ்விட்ச் எல்லாம் சேர்ந்த ஒயரிங் கிட்டாகவே கிடைக்கிறது. தனித்தனியாக வாங்கினால் 1.5 சதுர மி.மீ. ஒயர் தாராளம். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30-ஆம் எண் கால். 87-லிருந்து விளக்குகளின் பாசிட்டிவ். 85 எர்த்துக்கு, அதாவது பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்திருக்கும் பாடி இரும்புக்கு. 86-க்கு ஸ்விட்சிலிருந்து வரும் ஒயர். எண்கள் ரிலேயின் அடியிலேயே பொடி எழுத்தில் இருக்கும். ஐந்து கால் ரிலே என்றால் பெரும்பாலும் நடுவில் 87ஏ என்று ஒன்று உண்டு, அதைத் தொடாதீர்கள். ரிலே ஓய்வில் இருக்கும்போதுதான் அதில் கரண்ட் வரும். நான் அதில் மாட்டிவிட்டு, ஸ்விட்சை அணைத்தால் விளக்கு எரிகிறது, போட்டால் அணைகிறது என்று ஒரு மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். மச்சான் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான்.

ஃபியூஸ் 7.5 ஆம்பியர் போதும். அது பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் ஒயருக்குக் காவல் யாரும் கிடையாது. அது பாடியில் பட்டால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும், ஒயர் ஹீட்டர் காயில் மாதிரி பழுத்துவிடும். விளக்குக்குப் பக்கத்தில் ஃபியூஸ் வைத்துக் கொடுக்கிற கடைகளைப் பார்த்திருக்கிறேன். அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஸ்விட்சுக்கு வேண்டிய கரண்டை பார்க்கிங் லைட் ஃபியூஸிலிருந்து ‘ஃபியூஸ் டேப்’ வைத்து எடுத்தேன். இது சுற்றுகிற டேப் இல்லை, ஃபியூஸ் இருக்கும் இடத்தில் செருகிக் கிளை ஒயர் எடுக்கிற சாமான். ஒயரை வெட்ட வேண்டியதில்லை, வாரண்டி உள்ள காருக்கு அது முக்கியம். பார்க்கிங் லைட்டை அணைத்தால் இதுவும் அணையும் என்பதால் மறந்து எரியவிட்டுப் பேட்டரி காலியாகிற பயமும் இல்லை. உள்ளே ஒயர் கொண்டுபோக ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகடு) புதிதாக ஓட்டை போடாதீர்கள். இருக்கிற ரப்பர் வளையத்தின் ஓரமாக சைக்கிள் ஸ்போக்ஸில் ஒயரைக் கட்டித் தள்ளினால் போய்விடும். மஞ்சள் உறை போட்ட ஒயர் கண்ணில் பட்டால் கை வைக்க வேண்டாம், அது ஏர்பேக்குடையது.

எர்த்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். அம்பாசடர் காலத்தில் பம்பரே இரும்பு. இன்றைக்கு அது பிளாஸ்டிக், விளக்கின் போல்ட்டை எவ்வளவு முடுக்கினாலும் எர்த் கிடைக்காது. தனி ஒயர் இழுத்து, பாடியில் பெயிண்டைச் சுரண்டி, லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்து முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். விளக்கு எரியும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையை விளக்கின் எர்த்திலும் மறு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் நல்ல எர்த். விட்டு விட்டு எரிகிறது என்றால் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும். எல்.இ.டி. ஹாலஜன் மாதிரி இல்லை, பாசிட்டிவையும் நெகட்டிவையும் மாற்றிக் கொடுத்தால் எரியாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

ஜாயின்ட்டுக்கு டேப்பை மட்டும் நம்பாதீர்கள். கிரிம்ப் செய்து (உலோகக் குழாயில் ஒயரை வைத்து நசுக்கி), உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் டியூப் போட்டுச் சூடுகாட்டுங்கள், அது சுருங்கி இறுகப் பிடித்துக்கொள்ளும். கனெக்டருக்கு முன்னால் ஒயர் கொஞ்சம் தொங்கி மேலேறட்டும், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். டப்பாவில் ஐ.பி.67 என்று இருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். வாட்டர் சர்வீஸில் பக்கத்தில் வைத்து அடிக்கிற பிரஷருக்கு அது உத்தரவாதம் இல்லை.

பம்பரைக் கழற்றுவது பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் எளிது. முதலில் பேட்டரி நெகட்டிவ், அப்புறம் மேலே கிளிப்கள், சக்கர வளைவுக்குள் ஸ்க்ரூ, அடியில் போல்ட். இரண்டு பேர் வேண்டும், கீழே பழைய போர்வை ஒன்றும் வேண்டும்.

மாட்டியதோடு வேலை முடியவில்லை. சமதரையில் சுவரிலிருந்து 25 அடி தள்ளி நிறுத்துங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு, விளக்கு இருக்கும் உயரத்தைவிட நான்கு அங்குலம் கீழே விழ வேண்டும். அதற்கு மேலே போனால் எதிரே வருகிறவர் கண்ணில்தான் அடிக்கும். மேல் விளிம்பே தெரியாமல் நாலாபக்கமும் சிதறும் விளக்காக இருந்தால் அதை எப்படித் திருப்பினாலும் பயனில்லை, கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சட்டத்தையும் பார்த்துவிடுவோம். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 111-ஆவது விதி, அனுமதி இல்லாமல் முன்பக்கம் ஸ்பாட் லைட் வைக்கக் கூடாது என்கிறது. முன்பக்கம் சிவப்பு வெளிச்சமும் கூடாது. அதனால் நீளமான லைட் பார் பக்கம் போகாமல், ஃபாக் லேம்ப் இடத்தில் வெள்ளை அல்லது மஞ்சளோடு நின்றுகொள்ளுங்கள். நான் மஞ்சள் போட்டேன், மழையில் எனக்கு அதுதான் கண் கூசவில்லை. புல் பார் (பம்பருக்கு முன்னால் பூட்டும் இரும்புக் கம்பிச் சட்டம்) பூட்டி அதில் மாட்டலாம் என்று கடைக்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதைக் கழற்ற வைக்கச் சொல்லி 2017-லேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

கடைசியாக ஒன்று. எதையும் வாங்குவதற்கு முன் அந்தப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். சில கார்களில் ஃபாக் லேம்ப் கனெக்டர் கம்பெனியிலிருந்தே வந்து, டேப் சுற்றியபடி உள்ளே தொங்கிக்கொண்டிருக்கும். என் காரில் இல்லை. உங்கள் காரில் இருந்தால் பாதி வேலை மிச்சம்.