பார்சல் உடைந்தால் யாரிடம் சண்டை போடுவது?

தள்ளுபடி விற்பனை முடிந்த மறுவாரம் எனக்கு வரும் கடிதங்களில் பாதி கூரியர் பற்றியதாகத்தான் இருக்கும். இந்த முறையும் அப்படியே. ஒன்று மட்டும் புதிது: வழக்கமாகப் புகாருக்கு ஆளாகும் தரப்பிலிருந்தும் ஒரு கடிதம் வந்திருக்கிறது. அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

கேள்வி: இணையத்தில் மிக்ஸி வாங்கினேன். பொருள் வந்ததும் பணம் தருவதாக ஏற்பாடு. கொண்டுவந்தவரிடம் "பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் தருவேன்" என்றேன். மறுத்துவிட்டார். பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிரித்தால் சட்னி ஜாரில் விரிசல். படி இறங்கிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, "இதை எடுத்துக்கொண்டு போ" என்றேன். அதற்கும் மறுத்தார். தெருவே கேட்கும்படி திட்டினேன். ஒரே ஒரு நட்சத்திரம் போட்டேன். நான் செய்தது தவறு என்கிறார் என் கணவர். என்னதான் செய்திருக்க வேண்டும்? – வாசகி, அம்பத்தூர்

பதில்: ஜாருக்காக நீங்கள் கோபப்பட்டது சரி. ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேர்ந்த விலாசம் தவறு. ஆகவே உங்கள் கணவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இன்னொன்று: உங்கள் கடிதத்தில் எல்லா இடத்திலும் 'அவன்', 'வந்தான்', 'மறுத்தான்' என்றுதான் இருந்தது. அச்சுக்குப் போகும் முன் 'அவர்' ஆக்கியது நான்.

அவர் கையில் இருந்தது நாடா ஒட்டி மூடிய பெட்டி. உள்ளே மிக்ஸியா செங்கல்லா என்று அவருக்கும் தெரியாது. 'ஓப்பன் பாக்ஸ்' என்று நிறுவனம் குறித்து அனுப்பும் பொருளைத்தான் வாசலில் பிரித்துக் காட்டலாம். மற்றப் பெட்டியைப் பணம் வாங்காமல் பிரிக்கவிட்டு, நீங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், ஹப்பில், அதாவது பார்சல்களைப் பிரித்துக் கொடுக்கும் கூரியர் மையத்தில், அந்தப் பிரித்த பெட்டிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். திரும்ப எடுத்துப் போகச் சொன்னீர்களே, அதுவும் அப்படித்தான். ரிட்டர்ன் என்று அவருடைய செயலியில் உத்தரவு வராமல் அவர் ஒரு பொருளை வாங்கிப் போனால் அதற்கு எந்தக் கணக்கிலும் பதிவு இருக்காது. நாளைக்கு "பொருள் எங்களுக்கு வந்து சேரவில்லை" என்று நிறுவனம் கைவிரித்தால் நட்டம் உங்களுக்குத்தான். மறுத்ததன் மூலம் அவர் உங்களுக்கு நல்லதே செய்திருக்கிறார்.

இனிச் செய்ய வேண்டியது: பெட்டி, உள்ளே வைத்திருந்த தெர்மகோல், விலாசச் சீட்டு, விரிசல் எல்லாம் தெரியும்படி படம் எடுங்கள். அடுத்த முறை பெட்டியைப் பிரிக்கும்போதே, சீட்டில் தொடங்கி நிறுத்தாமல் ஒரே காணொளியாக எடுத்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் செயலியில் புகார் பதியுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, பழுதான பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகார் கிடைத்ததாகத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருடைய பெயரும் தொடர்பு விவரமும் அந்தத் தளத்திலேயே இருக்க வேண்டும் என்பதும் விதி. தேடிப் பாருங்கள், பெரும்பாலும் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். அங்கும் நகரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்.

இவ்வளவு வழி இருக்க, நீங்கள் பிடித்தது எந்த அதிகாரமும் இல்லாத ஒருவரை.

எங்கள் தெருவுக்கு வருபவரிடம் ஒரு நாள் பேச்சுக் கொடுத்தேன். அவருடைய வண்டியின் பின்னிருக்கையில் அவரைவிட உயரமாக ஒரு பை. பார்சல் ஒவ்வொன்றின் மேலும் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதியிருந்தது: '3பி', 'மாடி', 'கேட் பச்சை', ஒன்றில் வெறுமனே 'நாய்'. விலாசச் சீட்டின் எழுத்து வெயிலில் நின்று படிக்கிற அளவில் இல்லை என்பதால் காலையில் ஹப்பில் உட்கார்ந்து இதையெல்லாம் எழுதிவிடுகிறாராம். பிறகு கடைசி வீட்டுப் பார்சல் அடியில், முதல் வீட்டுப் பார்சல் மேலே என்று வரிசை மாறாமல் அடுக்க வேண்டும். நடுவில் ஒருவர் "சாயந்திரம் வாங்க" என்று சொன்னால் அந்த அடுக்கே குலைகிறது. சேர்த்த பார்சலுக்கு மட்டும்தான் காசு. மூன்று முறை மணியடித்துத் திரும்பிய பார்சலுக்கு ஒன்றும் இல்லை. வண்டி அவருடையது, பெட்ரோல் அவருடையது, கைபேசியும் அதற்கான டேட்டாவும் அவருடையவை. வசூலித்த பணத்தில் இருநூறு ரூபாய் குறைந்தால் அதுவும் அவருடையதே. நட்சத்திரம் குறைந்தால் மறுநாள் நல்ல ரூட் கிடைக்காது என்றார்.

உங்கள் ஜார் எங்கே உடைந்ததோ தெரியாது. கிடங்கிலா, லாரியிலா, பெல்ட்டிலிருந்து விழுந்தா? அந்த ஒரு நட்சத்திரம் மட்டும் கடைசி ஆளின் கணக்கில் ஏறிவிட்டது. பல செயலிகளில் பொருளுக்கு ஒரு மதிப்பீடு, கொண்டுவந்தவருக்கு ஒரு மதிப்பீடு என்று தனித்தனியாகக் கேட்கிறார்கள். மாற்ற இடமிருந்தால் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: நாள் முழுக்க வீட்டிலேயே இருந்தேன். மாலையில் "வாடிக்கையாளர் இல்லை" என்று குறுஞ்செய்தி வருகிறது. மணியும் அடிக்கவில்லை, அழைப்பும் இல்லை. இவர்களுக்கும் பரிந்து பேசப் போகிறீர்களா? – வாசகர், மதுரை

பதில்: மாட்டேன். வராமலே வந்ததாகப் பதிவு செய்வது பொய். குறுஞ்செய்தியையும் அன்றைய அழைப்புப் பட்டியலையும் படம் பிடித்து நிறுவனத்துக்கு அனுப்புங்கள். சொன்ன தேதியைத் தாண்டி வந்த பொருளுக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுக்கக் கூடாது என்று நான் மேலே சொன்ன அதே விதிகள் சொல்கின்றன. இயற்கைப் பேரிடர் போன்ற காரணங்களுக்கு மட்டும் விலக்கு.

ஆனால் அந்தப் பொய் எங்கே பிறக்கிறது என்றும் பாருங்கள். இரவு ஹப் கணக்கை முடிக்கும்போது 'கொடுக்காதது' என்ற பத்தி காலியாக இருக்க வேண்டும். பை நிறையப் பார்சலைக் கொடுத்து, இருட்டுவதற்குள் முடி என்றால், முடியாத சிலவற்றுக்கு ஏதாவது ஒரு காரணத்தைத் தட்டித்தான் ஆக வேண்டும். செயலியில் 'எனக்கு நேரம் போதவில்லை' என்று ஒரு பொத்தான் இருந்தால் அதைத்தான் தட்டுவார்கள்.

நம் பக்கமும் ஓட்டை உண்டு. கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று வரும் தொல்லையால் தெரியாத எண்ணை நாம் எடுப்பதே இல்லை. கூரியர் அழைப்போ பெரும்பாலும் நிறுவனத்தின் இடைவழியாக, முன்பின் பார்த்திராத எண்ணிலிருந்துதான் வரும். பார்சல் வரும் நாளில் மட்டுமாவது எடுங்கள்.

பிறகு விலாசம். சென்னைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: பழைய எண், புதிய எண் இரண்டும் வேண்டும். ஒரு தெருவின் பழைய 14ஆம் எண்ணும் புதிய 14ஆம் எண்ணும் வேறு வேறு வீடு. என் அத்தை வெகு காலம் 'காந்தி சிலை அருகில்' என்றே எழுதிக்கொண்டிருந்தார். அவர் ஊரில் காந்தி சிலை இரண்டு. அஞ்சல் துறை 2025 மே மாதம் டிஜிபின் என்ற 10 இலக்கக் குறியீட்டைக் கொண்டுவந்தது. நாட்டையே ஏறத்தாழ 4 மீட்டர் சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. நல்ல யோசனைதான். ஆனால் வண்டியை ஓரங்கட்டி நிற்பவருக்கு இன்றைக்கும் கைகொடுப்பது 'பிள்ளையார் கோயிலிலிருந்து இரண்டாவது இடது, பச்சை கேட், முதல் மாடி, படி பின்பக்கம்' என்ற ஒரு வரி. அதை விலாசத்திலேயே சேர்த்துவிடுங்கள். வீடு மாறியவர்கள் பழைய விலாசத்தைச் செயலியிலிருந்து நீக்கிவிடுங்கள். நானே ஒரு முறை அதை மறந்து, ஓர் இளைஞரை ஊரின் அந்தக் கோடிவரை ஓடவிட்டிருக்கிறேன். தொலைபேசியில் அவர் திட்டவில்லை. "பரவாயில்லை சார்" என்றார். திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், பொருள் கொண்டுவருபவர்கள் லிப்டில் ஏறக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். பாதுகாப்பு, சுத்தம் என்று காரணம் சொல்கிறார்கள். பாதிப் பேருக்கு உடன்பாடில்லை. எப்படி எதிர்ப்பது? – வாசகி, சோழிங்கநல்லூர்

பதில்: முதலில் சங்கச் செயலாளரைக் கையில் பத்துக் கிலோ அரிசிப் பையுடன் ஏழாவது மாடிக்குப் படியில் ஏறச் சொல்லுங்கள். மாடிக்கு 20 படி என்றால் 140 படி. இறங்கியதும் அடுத்த பிளாக்.

பாதுகாப்புதான் கவலையென்றால் வாயிலில் பெயரும் நேரமும் பதிவாகின்றன, கேமரா இருக்கிறது. லிப்டுக்குள்ளும் கேமரா இருக்கும். படிக்கட்டில்தான் பல இடங்களில் இருக்காது. சுத்தம் என்ற காரணத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் வேறு விதமாகப் போய்விடும். யார் கைபட்டால் எது அழுக்காகும் என்ற கணக்கு இந்த ஊருக்குப் பழைய கணக்கு, அவ்வளவுதான் சொல்வேன். பொதுக்குழுவைக் கூட்டச் சொல்லி எழுத்தில் கொடுங்கள், ரத்துத் தீர்மானத்தை வாக்குக்கு விடுங்கள்.

வாயில் அறையில் ஓர் அலமாரி வைத்து, வேண்டியவர்கள் அங்கேயே பார்சலைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடும் நல்லதே. இரு தரப்புக்கும் நேரம் மிச்சம். ஆனால் காவலாளி வாங்கி வைத்த பெட்டி உடைந்திருந்தால் யார் பொறுப்பு என்பதை முன்பே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் திட்டு வாங்கும் வேலை கூரியரிடமிருந்து காவலாளிக்கு மாறும்.

கேள்வி: இவர்களுக்குப் பணம் கொடுக்கலாமா? கொடுத்தால் அவமானமாக நினைப்பார்களா? – வாசகர், கும்பகோணம்

பதில்: தபால்காரருக்குத் தீபாவளி இனாம் கொடுத்து வளர்ந்த ஊர் நமது, அவமானம் ஒன்றும் இல்லை. ஆனால் அதைவிட முக்கியம், பொருளுக்கான பணத்தைச் சில்லறையாக எடுத்து வைப்பது. 437 ரூபாய்க்கு 500 ரூபாய்த் தாளை நீட்டிவிட்டு "சில்லறை இல்லையா?" என்று கேட்கும் வீடு தெருவுக்கு நான்கு இருக்கும். கைபேசியில் செலுத்துவதானால் நிறுவனத்தின் கியூஆர் குறியீட்டைக் கேட்டுச் செலுத்துங்கள்.

தண்ணீர் வேண்டுமா என்று கேட்காதீர்கள். "வேண்டாம் மேடம்" என்றுதான் பதில் வரும். அக்னி நட்சத்திர வெயிலில் வந்து நிற்பவருக்குச் செம்பைக் கொண்டுவந்து நீட்டிவிடுங்கள், குடிப்பார். தண்ணீரைவிடப் பெரிய சிக்கல் கழிப்பறை. பெண்கள் இந்த வேலைக்கு வரத் தயங்கும் காரணங்களில் இதுவும் ஒன்று. சென்னை மாநகராட்சி 2025இல் அண்ணா நகரிலும் தியாகராய நகரிலும் இத்தகைய தொழிலாளர்களுக்காகக் கழிப்பறையோடு குளிர்சாதன ஓய்வறைகளை அமைத்தது. பல ஊர்களில் இன்னும் மரநிழல்தான்.

கேள்வி: நான் எதுவும் வாங்கவில்லை. "உங்கள் பார்சல் நிற்கிறது, ஓடிபி சொல்லுங்கள்" என்று அழைப்பு வருகிறது. – வாசகர், ஈரோடு

பதில்: மோசடி. சொல்லாதீர்கள். அவர்கள் சொல்லும் எண்ணை அழுத்தவும் செய்யாதீர்கள். உங்கள் அழைப்புகள் வேறு கைபேசிக்குத் திரும்பிவிடும். பணம் போய்விட்டால் உடனே 1930. ஓடிபி என்பது பார்சல் கைக்கு வந்த பிறகு, வாசலில், நேரில் சொல்வது.

கேள்வி: நான் பார்சல் கொடுக்கும் வேலை செய்கிறேன். ரிட்டர்ன் எடுக்கப் போனால் கட்டிய புடவையைத் தருகிறார்கள். போன வாரம் ஒன்றில் மஞ்சளும் மடிப்பில் அட்சதை அரிசியும் இருந்தன. எடுக்க மறுத்தால் குறைந்த நட்சத்திரம். எடுத்தால் ஹப்பில் "பார்க்காமல் ஏன் வாங்கினாய்" என்று பிடித்தம் செய்கிறார்கள். நான் என்ன செய்ய? – திருப்பூர்

பதில்: முதலில் மற்ற வாசகர்களுக்கு: அட்சதை வரைக்கும் போயிருக்கிறது நம் நேர்மை.

தம்பி, அந்தப் புடவையை எடுக்காதீர்கள். வாங்கும் முன் விரித்து, கறையும் லேபிளும் தெரியும்படி செயலியிலேயே படம் எடுத்து, 'பயன்படுத்திய பொருள்' என்ற காரணத்தைப் போட்டு மூடுங்கள். செயலியில் உள்ள படம் உங்கள் சாட்சி. கைபேசியிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரிடம் "நான் மறுக்கவில்லை அக்கா, செயலி ஏற்கவில்லை" என்று சொல்லிப் பாருங்கள்; மனிதரிடம் போடும் சண்டையை யாரும் செயலியிடம் போடுவதில்லை. பிடித்தம் செய்தால் எந்தப் பார்சல், எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் போகும் பிடித்தம் எப்போதும் கூடிக்கொண்டே போகும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. இணையம் சார்ந்த தற்சார்புத் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு 2023இல் தனி நலவாரியம் அமைத்தது. பதிவு செய்துவிட்டீர்களா? 2025–26 நிதிநிலை அறிக்கையில், இத்தகைய தொழிலாளர்கள் 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். நீங்கள் வாரியத்தின் பட்டியலிலேயே இல்லாவிட்டால் அடுத்த அறிவிப்பும் உங்களைத் தாண்டித்தான் போகும். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான ஒன்றிய அரசின் இ-ஷ்ரம் தளத்திலும் பதியுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, உங்களைப் போன்றோரின் நலநிதிக்கு நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் வரை செலுத்த வேண்டும். நீங்கள் ஒப்பந்தக்காரரிடம் மாதச் சம்பளத்துக்கு இருந்தால் கதை வேறு: பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம், சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உங்கள் உரிமை. சம்பளச் சீட்டை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். சீட்டே தருவதில்லை என்றால் அதை எனக்குத் தனியாக எழுதுங்கள்.